பத்தடி பின்னால் வா: இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

தருமபுரியில் முப்பது வருஷத்துக்கு மேல் போர்டும் சுவரும் எழுதியவன் நான். கடைப் பெயர், பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள், தேர்தல் நேரத்தில் சின்னம், மாநாட்டுக்கு நாற்பதடி கட்-அவுட் எல்லாம் செய்திருக்கிறேன். மகளும் மருமகனும் வேலை நிமித்தம் பாரிஸ் பக்கம் குடியேறிய பிறகு ஒரு மாதம் அவர்களோடு போய் இருந்துவிட்டு வந்தேன். அங்கே ஓர்சே என்ற அருங்காட்சியகத்தில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களைப் பார்த்தேன்; வெளியில் நின்று, அந்தந்த நேரத்து வெளிச்சத்தைப் பிரஷ் தடம் தெரியத் தீட்டிய படங்கள் அவை. அதிலிருந்து, பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் பெரியவர்களும், ஓசூரில் வேலை பார்க்கும் பையன்களும், "அண்ணா, அந்த மியூசியத்தில் என்ன பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. முதல் தடவை போனபோது மூன்று மணி நேரத்தில் கண்ணில் பட்ட படத்தையெல்லாம் பார்த்தேன். திருப்பதியில் ஜருகண்டி சொல்லித் தள்ளிவிடுவார்களே, அப்படி நானே என்னைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் ஒரு படமும் நினைவில் நிற்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி போய் ஐந்தே படங்களைப் பார்த்தேன். அந்த ஐந்தும் இன்றைக்கும் கூடவே இருக்கின்றன. ஆகவே என் முதல் யோசனை: ஐந்து படம், மிஞ்சினால் ஏழு. எந்த ஐந்து என்று ஊரிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

கிளம்புவதற்கு முன் இங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு தேவையில்லை. பென்னாகரம் ரோட்டிலோ பாலக்கோடு பக்கமோ ஒரு வைக்கோல் போர் இருக்கும். அதைக் காலை ஆறரைக்கு ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அது என்ன நிறம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் என்று வாய் சொல்லும். கண் அப்படிச் சொல்லாது. காலையில் அதன் ஒரு பக்கம் வெளிறிய ரோஜா நிறம், மறுபக்கம் சாம்பல் கலந்த நீலம். மதியம் ஏறக்குறைய வெள்ளை. சாயங்காலம் செங்கல் சூளை மாதிரி உள்ளே இருந்து எரியும். கிளாத் மொனே என்ற பிரெஞ்சு ஓவியர் 1890, 91 ஆண்டுகளில் இதே வேலையைச் செய்தார். ஜிவெர்னி என்ற ஊரில் தன் வீட்டுப் பக்கத்து வயலில் இருந்த கதிர்ப் போர்களை வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு பருவத்தில் இருபதுக்கு மேற்பட்ட படங்களாகத் தீட்டினார். அதில் ஒன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர்ப் போரை மூன்று வேளை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பயிற்சி நிழல். வெள்ளையடித்த சுவரில் மாலை நேரத்தில் விழும் வேப்ப மர நிழலைப் பாருங்கள். நான் முப்பது வருஷமும் நிழல் என்றால் கறுப்பைத்தான் கலந்தேன். எங்கள் மாஸ்டரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். சுவரைக் கவனித்தால் நிழல் நீலமாக, சில நேரம் கத்தரிப்பூ நிறமாக இருக்கும். காரணம் எளிது. சூரியன் நேராக விழும் இடத்தில் மஞ்சள் வெளிச்சம் இருக்கிறது. நிழல் விழுந்த இடத்தில் சூரியன் மறைந்துவிடுகிறது, ஆனால் வானம் மறையவில்லை; வானத்தின் நீலம்தான் அங்கே விழுகிறது. மொனே போன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் வெளியில் நின்று தீட்டியதால் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கறுப்பைக் கூடியவரை ஒதுக்கினார்கள். ஓர்சேயில் மொனே 1868, 69 குளிர்காலத்தில் தீட்டிய பனிப் படம் ஒன்று இருக்கிறது. வேலிப்படல் மேல் நம்மூர் குண்டுக்கரிச்சான் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை. பனித்தரையில் வேலியின் நிழல் முழுக்க நீலம். அந்தக் காலத்தில் பாரிஸில் அரசு ஆதரவோடு நடந்த பெரிய கண்காட்சிக்கு 1869இல் அதை அனுப்பியபோது வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள்.

எண்ணெய் ஓவியத்தையே நேரில் பார்த்ததில்லை என்றால், முதலில் மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மா படங்களைப் பார்த்துவிடுங்கள். திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ரவிவர்மா 1848இல் பிறந்தவர், மொனே 1840இல். ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். ரவிவர்மா படத்தில் பட்டுப்புடவையின் சரிகையை மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தாலும் பிரஷ் போன தடம் தேடவேண்டியிருக்கும். தடத்தை மறைப்பதுதான் அந்தப் பள்ளியின் திறமை. மொனே தடத்தை அப்படியே விட்டுவிடுவார். இரண்டையும் பார்த்தவருக்கு, 1874இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சியைப் பார்த்துப் பாரிஸ்காரர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்று புரியும். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் கூரை ஓவியங்களையும் போகிற வழியில் பாருங்கள். அங்கே கோடுதான் ராஜா. கோட்டுக்குள் நிறம் அடங்கி உட்கார்ந்திருக்கும். பாரிஸில் பார்க்கப்போகும் படங்களில் கோடே இருக்காது. நிறமும் நிறமும் முட்டிக்கொள்ளும் இடம்தான் எல்லை.

விசா, விமான டிக்கெட் எல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த நடைமுறை விஷயம் இவ்வளவுதான். ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. மொனேயின் பெரிய அல்லிக் குள ஓவியங்கள் இருக்கும் ஓரஞ்சரி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. அதனால் புதன் முதல் ஞாயிறுக்குள் வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். ஓர்சே வியாழக்கிழமை மட்டும் இரவு 9.45 வரை திறந்திருக்கும். என் இரண்டாவது பயணம் வியாழன் மாலைதான். ஆறு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாக் கூட்டமும் கலைந்து, ஒரு படத்தின் முன்னால் நாம் மட்டும் நிற்கும் நேரம் கிடைத்தது. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும், கூட்டமும் இருக்கும். பிளாஷ் இல்லாமல் போட்டோ எடுக்கலாம். பெரிய பை கொண்டு போகாதீர்கள். செருப்பு பழகினதாக இருக்கட்டும், புதுசு வேண்டாம்.

அப்புறம் ஒன்று: நீங்கள் தேடிப்போகும் படம் வேறு நாட்டுக் கண்காட்சிக்குக் கடன் போயிருக்கலாம். முந்தின நாள் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, இந்த இயக்கத்துக்கே பெயர் வாங்கிக் கொடுத்த மொனேயின் சூரியோதயப் படத்தை ஓர்சேயில் தேடாதீர்கள். அது அதே நகரத்தில் மார்மொத்தான் என்ற வேறொரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லெ ஹாவ்ர் துறைமுகத்தில் விடிகாலை மூட்டத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன். 1874 ஏப்ரல் 15ஆம் தேதி, நாதார் என்ற போட்டோகிராபரின் பழைய ஸ்டுடியோவில் மொனேயும் அவருடைய ஓவிய நண்பர்களும் சொந்தமாகக் கண்காட்சி போட்டபோது அதை வைத்தார்கள். அதன் தலைப்பில் இருந்த 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற விமர்சகர் கேலி செய்து எழுதினார். அந்தக் கேலியே பெயராக நிலைத்துவிட்டது.

ஓர்சே கட்டடம் ஒரு ரயில் நிலையம். 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. பின்னால் மின்சார ரயில்கள் நீளமாகிவிட, பிளாட்பாரம் போதாமல் 1939இல் தொலைதூர வண்டிகள் நின்றுபோயின. 1986 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கீழ்த்தளத்தில் சிலைகள் இழுக்கும். நிற்காமல் நேராக ஐந்தாம் தளத்துக்குப் போங்கள். நகரும் படியும் லிஃப்டும் இருக்கின்றன. இம்ப்ரெஷனிஸ்டுகள் மேலேதான் இருக்கிறார்கள். கால் புதிதாக இருக்கும்போது அவர்களைப் பார்த்துவிட்டு, கீழே இருப்பதை இறங்கும்போது பாருங்கள்.

இனி எப்படிப் பார்ப்பது. கட்-அவுட் வரைகிறபோது எங்கள் மாஸ்டர் நாள் முழுக்க ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: "பத்தடி பின்னால வா." பலகைக்கு முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, தலைவர் கன்னத்தில் நான் வைத்த ஆரஞ்சு டச் அசிங்கமாகத்தான் தெரியும். கை அகலம் இருக்கும் அந்தத் திட்டு. பக்கத்தில் ஒரு பச்சைத் திட்டு. இறங்கி ரோட்டைத் தாண்டி நின்று பார்த்தால் அது ரத்தம் ஓடுகிற கன்னம். நிறத்தைக் கலக்கும் வேலையில் பாதியை நம் கை செய்கிறது, மீதியைப் பார்க்கிறவர் கண் செய்கிறது. இந்த ஓவியர்களின் படங்களும் இதே மாதிரிதான். ஆகவே ஒரு படத்தின் முன்னால் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். முதலில் எட்டு பத்து அடி தள்ளி நின்று ஒரு நிமிஷம் பாருங்கள். அப்புறம் மெதுவாக நடந்து கிட்டே போங்கள். எந்த இடத்தில் மரம் மரமாக இல்லாமல் பச்சைத் திட்டாக உடைகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் நில்லுங்கள். ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால். உடைவதும் சேர்வதும் நம் காலுக்குக் கீழே நடக்கும். அதற்காகத்தான் நேரில் போகிறோம். போன் திரையில் இது நடக்கவே நடக்காது. ரொம்ப நெருங்கினால் பாதுகாவலர் கைகாட்டுவார். எனக்கும் காட்டினார்.

கிட்டே போனதும் பக்கவாட்டில் நின்று பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். சில இடத்தில் அடியில் இருக்கும் ஓவியத் துணியின் நெசவு தெரியும் அளவுக்கு மெல்லிசு, சில இடத்தில் வெண்ணெய் மாதிரி நிற்கும். பெயின்டை டியூபில் அடைக்க ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் 1841இல் வழி கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். அதைக் குத்தி எடுத்தால் திரும்ப மூட முடியாது, வெளியே தூக்கிப் போவதும் கஷ்டம். டியூபும், தகரப் பூண் போட்ட தட்டை பிரஷும் வந்த பிறகுதான் வயல் வரப்பில் உட்கார்ந்து தீட்டுவது எளிதானது. என் கையில் இருந்த அதே தட்டை பிரஷ்ஷின் தடத்தை அங்கே பார்த்தபோது, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் இழுத்தார், எங்கே கையைத் தூக்கினார் என்று என்னால் சொல்ல முடிந்தது. நீங்களும் முயன்று பாருங்கள். மேலே இருக்கும் டச் எது, அடியில் இருப்பது எது, ஈரத்தின் மேல் ஈரம் வைத்ததா, காய விட்டு வைத்ததா. காற்றிலேயே விரலை ஆட்டி அந்த இழுப்பைச் செய்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

என் ஐந்தில் மூன்றைப் பற்றிச் சொல்கிறேன். முதலாவது பிசாரோ 1873இல் தீட்டிய உறைபனிப் படம். ஒரு ஆள் முதுகில் விறகுக் கட்டு, கையில் தடி, உழுத கொல்லையின் ஓரத்தில் ஏறி வருகிறார். அவ்வளவுதான் படம். முதல் பார்வைக்குக் கடந்து போய்விடுவீர்கள். ஆனால் உழவுச் சாலைப் பாருங்கள். ஒவ்வொரு சாலும் ஒரு பிரஷ் இழுப்பு. ஏர் போன திசையிலேயே பிரஷும் போயிருக்கிறது. பெயின்ட் கரடுமுரடாக, மண் கட்டி மாதிரி உலர்ந்து கிடக்கிறது. குறுக்கே நீலமாகச் சில பட்டைகள். என்னவென்று புரியாமல் ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம்தான் பிடிபட்டது: அவை மரங்களின் நிழல். மரங்கள் படத்துக்கு வெளியே, நம் பக்கம் நிற்கின்றன. அதாவது அந்த மரங்களின் வரிசையில்தான் நாமும் நிற்கிறோம். மார்கழி விடியலில் எங்கள் கொல்லைமேட்டில் நான் பார்த்த வெளிச்சம் அது. 1874 கண்காட்சியில் இந்தப் படத்தையும் கேலி செய்தார்கள், பலகையில் சுரண்டிய பெயின்டைத் துணியில் அப்பியது போல் இருக்கிறது என்று. இந்த நண்பர்களின் கண்காட்சி மொத்தம் எட்டு நடந்தது, 1886 வரை. எட்டிலும் படம் வைத்தவர் பிசாரோ ஒருவர்தான். இன்னும் அவர் முன்னால் கூட்டம் இல்லை. நல்லதுதான், நின்று பார்க்கலாம்.

இரண்டாவது, பெர்த் மொரிசோ 1872இல் தீட்டிய தொட்டில். தூங்குகிற குழந்தையை அம்மா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மா மொரிசோவின் அக்கா எட்மா. தொட்டில் மேல் மெல்லிய வலைத்துணி. போர்டு எழுதுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள், தெரியும் தெரியாத துணியை வரைவது எவ்வளவு கஷ்டம் என்று. வெள்ளை கொஞ்சம் கூடினால் சுண்ணாம்பாகிவிடும், குறைந்தால் துணியே இல்லை. மொரிசோ அந்த வெள்ளையைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியிருக்கிறார். வலைக்குப் பின்னால் குழந்தையின் முகம் மூடியும் மூடாமலும் இருக்கிறது. அம்மாவின் கை அந்தத் துணியின் ஓரத்தைப் பிடித்திருக்கும் இடத்தை மட்டும் ஐந்து நிமிஷம் பாருங்கள். ஏணையில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த என் மனைவியின் கை அது.

மூன்றாவது, கய்போத் 1875இல் வரைந்த தரை இழைப்பவர்கள். சட்டையில்லாத மூன்று ஆட்கள் மண்டியிட்டு மரத்தரையை இழைக்கிறார்கள். பின்னால் பால்கனிக் கதவிலிருந்து வெளிச்சம் வருகிறது. இழைத்த பட்டையும் இழைக்காத பட்டையும் அந்த வெளிச்சத்தில் வேறு வேறு மாதிரி மின்னுகின்றன. சுருள் சுருளாக மரச்சீவல் கிடக்கிறது. தலை குனிந்து வேலை செய்யும் ஆட்களின் தோள்பட்டை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் வரைந்தது. மொனேயின் பனிப் படத்தைத் திருப்பிய அதே பெரிய கண்காட்சியில் இதையும் மறுத்தார்கள். கய்போத் வசதியானவர். நண்பர்களின் படங்களை விலை கொடுத்து வாங்கி, 1894இல் இறக்கும்போது அரசுக்கு எழுதி வைத்தார். அரசு எல்லாவற்றையும் ஏற்கவில்லை, சுமார் நாற்பதை எடுத்துக்கொண்டது. ஓர்சேயில் இன்றைக்குக் கூட்டம் மொய்க்கும் ரெனுவாரின் 1876ஆம் வருஷத்து நடனப் படம் அவர் கொடுத்ததுதான். படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சீட்டின் கடைசி வரியில் யார் கொடுத்தது என்று போட்டிருப்பார்கள். கய்போத் பெயர் வரும் இடத்தையெல்லாம் கண்டுபிடியுங்கள், அந்த மனுஷன்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகும்.

சீட்டைப் படம் பார்த்த பிறகு படியுங்கள். முதலில் படித்தால் கண் சோம்பேறியாகிவிடும். பிள்ளைகளை அழைத்துப்போனால் விளக்கம் சொல்லாதீர்கள், இரண்டு கேள்வி போதும்: இந்தப் படத்தில் மணி எத்தனை? சூரியன் எந்தப் பக்கம்? என் பேத்திக்கு ஏழு வயது. மொனேயின் ருவான் தேவாலயப் படங்கள் ஓர்சேயில் ஐந்து இருக்கின்றன, ஒரே முகப்பு, வெவ்வேறு நேரம். எதிர்வீட்டு அறையை வாடகைக்கு எடுத்து, வெளிச்சம் மாற மாற ஓவியத் துணியை மாற்றி வைத்துத் தீட்டினாராம் மொனே. பேத்தி ஒவ்வொன்றாகப் பார்த்து, "தாத்தா, இது சாப்பாட்டு நேரம், இது ஸ்கூல் விடுற நேரம்" என்று வரிசையாகச் சொன்னாள்.

ஓரஞ்சரியை அதே நாளில் திணிக்காதீர்கள். சேன் ஆற்றின் எதிர்க்கரையில், நடைபாலத்தைத் தாண்டிப் பத்து நிமிஷ நடைதான், ஆசை வரும். ஆனால் அதற்குத் தனிக் காலை வேண்டும். நம்மில் பலர் மொனேயின் தாமரைக் குளம் என்று எழுதுகிறார்கள். அது தாமரை இல்லை, அல்லி. தாமரை இலை தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும், அல்லி இலை தண்ணீரோடு ஒட்டிப் படுக்கும். இந்தப் படங்களுக்கு அது முக்கியம், ஏனென்றால் மொத்தமும் தண்ணீர்ப் பரப்பைப் பற்றியது. இரண்டு முட்டை வடிவ அறைகள், நான்கு நான்காக எட்டுப் பெரிய ஓவியங்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். கூரை வழியாக வெளிச்சம் இறங்குகிறது. அதனால் மேகம் போனால் படமும் மாறும். வயதான காலத்தில், கண்ணில் புரை விழுந்த நிலையில் இதில் உழைத்தார் மொனே. 1923இல் ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. 1926 டிசம்பரில் இறந்தார், அடுத்த வருஷம்தான் இந்த அறைகள் திறந்தன.

அங்கே நடுவில் பெஞ்சு இருக்கிறது. உட்காருங்கள். இராமாக்காள் ஏரிக் கரையில் விடிகாலையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்திருந்தால், முதலில் மேற்பரப்பு தெரியும், அப்புறம் அதில் விழுந்த வானம் தெரியும், அதற்கும் அப்புறம் அடியில் இருக்கும் பாசி தெரியும். மூன்றும் ஒரே சமயத்தில் தெரியாது, கண் மாறி மாறிப் போகும். மொனே மூன்றையும் ஒரே துணியில் வைத்திருக்கிறார். எது மேகம், எது இலை என்று தேடிக் களைத்த பிறகுதான் அது திறந்துகொள்கிறது. எனக்கு இருபது நிமிஷம் ஆனது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

வெளியே வரும்போது கடையில் போஸ்ட்கார்டு வாங்குவீர்கள். பிரபலமானதை வாங்காமல், நீங்கள் அதிக நேரம் நின்ற படத்தின் கார்டை வாங்குங்கள். அச்சில் நிறம் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். எங்கே மாறியிருக்கிறது என்று அதன் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள், அன்றைக்கு ராத்திரியே, மறந்துபோவதற்குள். பிசாரோ கார்டின் பின்னால் நான் எழுதியது: "சாலில் இருக்கும் பச்சை இதைவிட மங்கல். நிழலில் ஊதா கூட." கடையில் வெயில் படாத சுவரில் அதை ஒட்டியிருக்கிறேன்.